கட்டி மேய்க்க ஆள் பிடிப்பது எப்படி?

எனக்கு வயது 48. சர்க்கரைக்குக் காலையில் ஒரு மாத்திரை, இரவில் ஒரு மாத்திரை. வீட்டுக் கடன் இன்னும் 9 வருஷம் பாக்கி. மூத்தவள் பிளஸ் டூ படிக்கிறாள். இப்படிப்பட்ட ஓர் ஆள், "பழைய ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் சேர்ந்து கொல்லிமலை போறோம், சனி ஞாயிறு ரெண்டே நாள்" என்று வீட்டில் சொன்னால் என்ன கேட்பார்கள்? செலவைக் கேட்பார்கள் என்று நினைத்து, பாதியைக் குறைத்து ஒரு கணக்கைத் தயாராக வைத்திருந்தேன்.

"கூடப் பொறுப்பா யாருங்க வர்றாங்க?"

"எட்டுப் பேர் போறோம்மா."

"அதனாலதான் கேக்குறேன்."

அன்று ராத்திரி எட்டு வீட்டிலும் இதே கேள்வி. எங்கள் வாட்ஸப் குழுவில் (பெயர் ‘கொல்லிமலை கன்ஃபர்ம்’, போன வருஷம் ‘மூணாறு கன்ஃபர்ம்’, அதற்கு முந்தி ‘கோவா கன்ஃபர்ம்’) பஞ்சாயத்து கூடியது. எங்களுக்குள் பட்டப்பெயர்தான் பெயர். நான் வாத்தியார் வருகிறான் என்று சொல்லித் தப்பித்திருந்தேன். வாத்தியார் தன் வீட்டில் பேங்க்கைக் காட்டியிருந்தான். பேங்க் என்னைக் காட்டியிருந்தான். மூவருமே புத்திசாலித்தனமாக நடந்துகொண்டதாகத்தான் நினைத்தோம். ஆனால் வீட்டுக்காரம்மாக்கள் தனியாக ஒரு குழு வைத்திருக்கிறார்கள். பத்தரை மணிக்குள் மூன்று வாக்குமூலங்களும் அங்கே ஒன்றோடொன்று ஒத்துப்பார்க்கப்பட்டுவிட்டன. ஒல்லி ஒருவன்தான் நேர்மையாக, "நானே பொறுப்பா பாத்துக்குறேன்" என்று சொன்னவன். "இன்னும் சிரிப்பை நிறுத்தல மச்சான்" என்று 11 மணிக்கு எழுதினான்.

உங்களுக்கும் இந்த நிலைமை வரும். வராமல் போனால் உங்களுக்கு நண்பர்கள் இல்லை என்று அர்த்தம். அதற்காகத்தான் இந்த வழிகாட்டி.

முதலில் சொல். காப்பாளர், பொறுப்பாளர், வழித்துணை என்றெல்லாம் தமிழில் மரியாதையான சொற்கள் உண்டு. விண்ணப்பப் படிவங்களுக்கு அவை சரி. வீட்டில் புழங்குவது வேறு: "உங்களையெல்லாம் யாரு கட்டி மேய்க்கிறது?" இந்தச் சொல்லில் எல்லாமே அடக்கம். கட்டுவதற்கு ஒரு கயிறு, மேய்வதற்கு எட்டு உருப்படி, கையில் குச்சியோடு ஓர் ஆள். அந்த ஆளை உருப்படிகளிலிருந்தே எடுக்க முடியாது. இதைப் புரிந்துகொள்ள எங்களுக்கு 27 வருஷம் ஆயிற்று.

முதல் படி: இருப்பவர்களைப் பரிசீலித்துத் தள்ளுவது.

இதை ஏன் செய்ய வேண்டும் என்றால், பயணத்தில் இதைவிடச் சந்தோஷமான பகுதி கிடையாது. மலையில் பார்க்கப்போகும் அருவியெல்லாம் அப்புறம். எவன் பொறுப்பு என்று பேசப் பேச, ஒவ்வொருத்தனுடைய பழைய கணக்கும் வெளியே வரும். வாத்தியார் பள்ளிக்கூடத்தில் 60 பிள்ளைகளை மேய்ப்பவன், அவனே பொருத்தம் என்று முன்மொழிந்தோம். பிள்ளைகளை அழைத்துக்கொண்டு தஞ்சாவூர் போனவன், பெரிய கோயிலில் எண்ணும்போது ஒரு பையன் அதிகமாக இருந்த கதையை பேங்க் நினைவூட்டினான். வேறு பள்ளிக்கூடத்துப் பையன். சாப்பாடு நன்றாக இருக்கும்போலத் தெரிந்ததால் வந்து உட்கார்ந்திருக்கிறான். வாத்தியார் கழித்துக்கட்டப்பட்டான்.

பேங்க்? பணத்தில் சுத்தம். ஒரு ரூபாய் மிட்டாயையும் எட்டால் வகுப்பான். ஆனால் பொறுப்பு என்பது பணம் மட்டுமில்லையே. போன முறை பெட்ரோல் பங்கில் கணக்கு எழுதிக்கொண்டே நின்றவனை விட்டுவிட்டு வண்டி 14 கிலோமீட்டர் போய்விட்டது. மேய்ப்பனே தொலைந்த மந்தை நாங்கள்.

தாத்தாவுக்கு 22 வயதிலேயே தலை நரைத்துவிட்டது. பெயருக்குக் காரணம் அவ்வளவுதான். நரைக்கு ஒரு மரியாதை உண்டு, செக்போஸ்ட்டில் அவனை முன் சீட்டில் உட்காரவைத்தால் வண்டியை நிறுத்த மாட்டார்கள் என்று ஒரு கட்சி. இப்போது எட்டுப் பேருக்குமே நரைத்தாயிற்று, அவன் ஒருத்தன்தான் மை அடிக்கிறான் என்று இன்னொரு கட்சி. ஒல்லி 98 கிலோ. அவனைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை.

என் பெயரும் வந்தது. "எழுதுறவன்டா, வழியெல்லாம் நோட் எடுப்பான், நாம எங்க போனோம்னுகூடப் பாக்க மாட்டான்" என்று தள்ளுபடி செய்தார்கள். வருத்தப்பட்டதுபோல ஒரு முகம் அனுப்பினேன்.

இரண்டாம் படி: சிரித்து முடித்தபின் தூங்கப் போய்விடுங்கள். யாரும் முடிவாகியிருக்க மாட்டார்கள்.

மூன்றாம் படியைச் சொல்வதற்குமுன் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். திருச்சியில் நாங்கள் படித்த காலத்தில் இந்தப் பிரச்சினையே இருந்ததில்லை. ‘ஐ.வி.’ என்று ஒன்று உண்டு. தொழிற்சாலையைப் பார்வையிடும் கல்விப் பயணம். தொழிற்சாலையில் ஒன்றரை மணி நேரம், மிச்சம் நாலு நாளும் கல்வி. முதல்வர் அறைக்கு அனுமதிக் கடிதத்தை எடுத்துக்கொண்டு போனால் அவர் கண்ணாடியைக் கழற்றாமலே கேட்பது: "எந்த ஸ்டாஃப் வர்றாங்க?" இதே கேள்விதான். கேட்கும் ஆள்தான் மாறியிருக்கிறது.

1997-ல் கொடைக்கானலுக்கு எங்களோடு வந்தவர் வேலைக்குச் சேர்ந்து நான்கு மாதம் ஆன விரிவுரையாளர். எங்களைவிட மூன்று வயதுதான் பெரியவர். மூத்த ஆசிரியர்களில் ஒருவருக்கு அந்த வாரம் இடுப்புவலி, இன்னொருவருக்கு மச்சினன் கல்யாணம், மூன்றாமவர் காரணமே சொல்லவில்லை. எங்களோடு வந்தவருக்கு ‘முடியாது’ என்று சொல்லும் அளவுக்கு சர்வீஸ் இல்லை. பொறுப்பாளர் நியமனத்தின் அடிப்படை விதியை அன்று கண்ணால் பார்த்தோம்: யாரால் மறுக்க முடியாதோ அவர்தான் தகுதியானவர். பஸ்ஸில் முதல் சீட்டில், மடியில் முதலுதவிப் பெட்டியோடு உட்கார்ந்திருந்தார். வத்தலக்குண்டு தாண்டி மலை ஏறியதும் முதலில் வாந்தி எடுத்தவர் அவரே. பெட்டியைத் திறந்து அவருக்குத்தான் மாத்திரை கொடுத்தோம்.

அந்தப் பயணத்துக்கு வீட்டில் ஒரு கடிதத்தில் கையெழுத்து வாங்க வேண்டியிருந்தது. வழியில் என் மகனுக்கு ஏதாவது நேர்ந்தால் நிர்வாகம் பொறுப்பல்ல என்று அப்பா எழுதிக்கொடுக்க வேண்டும். எட்டுப் பேரின் அப்பா கையெழுத்தையும் போட்டது பேங்க்தான். இன்று செக்கில் கையெழுத்துச் சரிபார்க்கும் வேலையில் இருக்கிறான்.

இப்போது மூன்றாம் படி: படிவம் எதிலும் உங்கள் பெயரைக் கொடுக்காதீர்கள்.

தலைமை ஏற்பவன் எவனும் விரும்பி ஏற்பதில்லை. போன் நம்பரைக் கொடுத்து மாட்டிக்கொள்கிறான். 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் வந்தது பாருங்கள், அதில் வண்டி நம்பர், எத்தனை பேர், எங்கே தங்குகிறீர்கள் என்பதையெல்லாம் ஒருத்தன் நிரப்ப வேண்டும். நிரப்பியவன் தொலைந்தான். ரெண்டு நாளும் அவனைத்தான் எழுப்பி, "சுடுதண்ணி வரலடா" என்பார்கள். ரயில் இன்னும் மோசம். ஒரு டிக்கெட்டில் 6 பேருக்குமேல் போட முடியாது. தத்கால் என்றால் 4 பேர். எட்டுப் பேருக்கு இரண்டு டிக்கெட், இரண்டு கணக்கு, இரண்டு மேய்ப்பர்கள். ஒரு மந்தைக்கு இரண்டு மேய்ப்பர்கள் வந்தால் என்ன ஆகும் என்பதை நம் நாட்டு அரசியலைப் பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள்.

நாங்கள் கொல்லிமலையைத் தேர்ந்தெடுத்ததற்கு அழகு, அருவி, வல்வில் ஓரி என்று காரணம் சொல்லிக்கொண்டாலும், இ-பாஸ் கேட்க மாட்டார்கள் என்பதுதான் உண்மை. வாத்தியார் மட்டும் ஆர்வக்கோளாறில் கொல்லிப்பாவை கதையைத் தன் வீட்டில் சொல்லியிருக்கிறான். சிரித்தே ஆண்களைக் கொல்லும் பாவை ஒன்று அந்த மலையில் உண்டு என்கிற கதையை, மலைக்குப் போக அனுமதி கேட்கும் நேரத்தில் ஒருவன் மனைவியிடம் சொல்வானா? அவன் வீட்டில் அனுமதி மூன்று நாள் தள்ளிப்போயிற்று.

நான்காம் படிதான் இந்தக் கட்டுரையின் சாரம். உங்களில் யாராவது ஒருத்தனுடைய அம்மாவை அழைத்துக்கொண்டு போங்கள்.

நாங்களும் திட்டமிட்டுச் செய்யவில்லை. பேங்க்கின் அம்மாவுக்கு 73 வயது. மகன் கொல்லிமலை போவதைக் கேள்விப்பட்டு, "அறப்பளீஸ்வரரைப் பாக்கணும்னு உங்கப்பா இருக்கும்போதே வேண்டிக்கிட்டது, வண்டியிலதான் எடம் இருக்குல்ல" என்றிருக்கிறார். 12 சீட் வேனில் எட்டுப் பேர். இடம் இல்லையென்று எப்படிச் சொல்வது? குழுவில் பேங்க் இந்தச் செய்தியைப் போட்டதும் ஐந்து நிமிஷம் யாரும் பேசவில்லை. பயணம் கெட்டது என்று எல்லோரும் நினைத்திருப்போம். அதற்குள் அடுத்த அறையிலிருந்து என் மனைவியின் குரல் கேட்டது: "அம்மா வர்றாங்களாமே! அப்புறம் என்னங்க, தாராளமாப் போய்ட்டு வாங்க."

எட்டு வீட்டிலும் பச்சைக்கொடி. இருபது நிமிஷ வேலை. 48 வயது ஆண்கள் எட்டுப் பேர் சேர்ந்து திரட்ட முடியாத நம்பிக்கையை ஒரு நூல் புடவையும் ஒரு மஞ்சள் பையும் திரட்டிவிட்டன.

இனி செயல்முறை விளக்கம். அம்மா இருக்கும் வேன் நாமக்கல்லைத் தாண்டாது. 18 அடி ஆஞ்சநேயர், தலைக்குமேல் கூரையில்லாமல் வெயிலிலும் மழையிலும் நின்றபடி எதிரே இருக்கும் நரசிம்மரைக் கும்பிட்டுக்கொண்டிருப்பவர்; அவரைப் பார்க்காமல் பக்கவாட்டில் போவது எங்கள் வேனில் நடக்காத காரியம். செருப்பை வேனிலேயே கழற்றிவிட்டு இறங்கச் சொன்னார். தரிசனம் முடிந்து எல்லோரும் ஏறியதும் வாத்தியார் தன் தொழில்முறைப்படி தலையை எண்ண ஆரம்பித்தான். ஏழு வந்தது, பிறகு ஒன்பது வந்தது. அம்மா தலையை எண்ணவே இல்லை. குனிந்து சீட்டுக்கு அடியில் பார்த்தார். "அந்தப் பெரிய கறுப்புச் செருப்பு யாருது? இன்னும் காலுக்குப் போகலையே." ஒல்லியுடையது. வடை வாங்கப் போயிருந்தான். வாத்தியார் அதை நோட்டில் எழுதிக்கொண்டான். அடுத்த சுற்றுலாவில் பள்ளிக்கூடத்தில் பயன்படுத்துவானாம்.

சேந்தமங்கலம், காளப்பநாயக்கன்பட்டி தாண்டி காரவள்ளி அடிவாரத்தில் வேனை நிறுத்தச் சொல்லி, மஞ்சள் பையிலிருந்து எலுமிச்சம்பழம் எடுத்து ஆளுக்கு ஒன்று கொடுத்தார். "மோந்துக்கிட்டே வாங்க. எவனும் போனைப் பாக்கக் கூடாது." 70 கொண்டை ஊசி வளைவு. வளைவுக்கு வளைவு நம்பர் போட்ட பலகை இருக்கிறது. பயப்படுகிறவனுக்கு அது இன்னும் எத்தனை என்று கணக்கு, சிரிக்கிறவனுக்குப் பந்தயம். எவன் எத்தனாவது வளைவில் வாந்தி எடுப்பான் என்று நூறு ரூபாய் கட்டினோம். 23-ல் தாத்தா. போனைப் பார்த்தவன் அவன் ஒருத்தன்தான். டிரைவருக்கு 26 வயசிருக்கும். அதுவரை எங்களை ‘சார்’ என்றவர் அங்கிருந்து ‘அண்ணே’ என்றார், பாட்டு மாற்றச் சொன்னாலும் ஏ.சி.யைக் குறைக்கச் சொன்னாலும் கண்ணாடியில் அம்மா முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் செய்தார்.

சனிக்கிழமை இரவு செம்மேட்டில் தங்கியதைப் பற்றி எழுதுவதற்கு ஒன்றும் இல்லை. ஒன்பதரைக்கு விளக்கை அணைத்துவிட்டார்.

ஞாயிறு காலை ஆகாயகங்கை. அறப்பளீஸ்வரர் கோயிலை ஒட்டித்தான் அருவிக்குப் படி இறங்குகிறது. ஆயிரத்துக்கும் மேல். "நான் சாமியைப் பாத்துட்டு இங்கனயே உக்காந்திருக்கேன், நீங்க போய்ட்டு வாங்க" என்றார். பர்ஸ், வாட்ச், மாத்திரை எல்லாம் மஞ்சள் பைக்குப் போயின. "போனும் எதுக்கு, தண்ணியில போட்டுட்டு நிக்கவா? படம் புடிக்க ஒண்ணு போதாதா?" ஒல்லியின் போன் மட்டும் எங்களோடு வந்தது, மீதி ஏழும் அவர் மடியில். ஆளுக்கு ஒரு கடலை மிட்டாய். எனக்குப் பாதி. "உனக்கு சுகருன்னு உன் பொண்டாட்டி சொன்னா."

இறங்கும்போது நாங்கள் பாடிக்கொண்டு போனோம். அருவியைப் பற்றி நான் என்ன எழுத, போய்ப் பாருங்கள். ஏறும்போது பாட்டு இல்லை. முன்னூறாவது படியிலேயே ஒல்லி உட்கார்ந்துவிட்டான். மற்றவர்கள் அவனுக்குத் துணையாக உட்கார்வதாகச் சொல்லிக்கொண்டு உட்கார்ந்தோம். ஒரு பள்ளிக்கூடத்துக் கூட்டம் எங்களைத் தாண்டி ஓடியது. அதில் ஒரு சிறுமி நின்று, "அங்கிள், உங்களைக் கூட்டிட்டு வந்தவங்க எங்க?" என்று கேட்டாள். மேலே கையைக் காட்டினேன்.

மேலே வந்து சேர்ந்தபோது அம்மா முடவாட்டுக்கால் சூப்புக்குச் சொல்லி வைத்திருந்தார். ஆட்டுக்கால் மாதிரி ரோமத்தோடு இருக்கும் ஒரு கிழங்கு. தோலைச் சீவி, நசுக்கி, மிளகு சீரகம் தட்டிப் போட்டுக் கொதிக்க வைத்துச் சுடச்சுடக் கொடுக்கிறார்கள். மூட்டுவலிக்கு நல்லது என்கிறார்கள். மூட்டுவலி வரவழைக்கும் படிக்கட்டின் தலைமாட்டிலேயே கடை போட்டிருப்பவர்களின் வியாபார அறிவை மெச்சத்தான் வேண்டும். எட்டுப் பேரும் ஆளுக்கு இரண்டு டம்ளர் குடித்தோம். கண்ணில் தண்ணீர் வந்தது. மிளகு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் சந்தோஷம் அதோடு முடிந்தது. இந்த நான்காம் படியில் ஓர் ஆபத்து இருப்பதை இங்கே சொல்லியாக வேண்டும், வழிகாட்டி என்றால் நேர்மை வேண்டாமா? நாங்கள் கீழே இருந்த மூன்று மணி நேரத்தில் மடியில் இருந்த போன்கள் ஒவ்வொன்றாக அடித்திருக்கின்றன. அந்த இடத்தில் சிக்னல் கிடைத்தது எங்கள் கெட்ட நேரம். பச்சையை இழுத்தால் பேசலாம் என்று பேரன் சொல்லிக் கொடுத்திருக்கிறான். அம்மா ஒன்றைக்கூடத் தவற விடவில்லை. ஏழு வீட்டுக்கும் முழு அறிக்கை போயிருந்தது.

"உன் வீட்டுக்காரன் படியில இறங்கிப் போயிருக்கான்மா. நேத்து ராத்திரி பரோட்டா அஞ்சு. நான்தான் ஆறாவதைப் புடுங்கி வெச்சேன். மாத்திரையா? கேட்டாத்தான் போடுறான். வழியில வாந்தியெல்லாம் இவன் எடுக்கல, அது வேற ஒருத்தன். காசு கட்டி விளையாடுனாங்க, இவனுக்கு நூறு ரூவா போச்சு."

இது என் வீட்டுக்குப் போன அறிக்கை. வீட்டுக்கு வந்து கதவைத் தட்டியபோது கையில் மாத்திரையும் தண்ணீருமாகத்தான் திறந்தார்கள். மற்ற ஆறு வீட்டிலும் நிலைமை ஏறக்குறைய இதேதான். ஒல்லி தப்பித்தான் என்று நினைத்தோம். அவன் மனைவி ஒரு வாரம் அவனோடு பேசவில்லை: "எல்லார்கிட்டயும் பேசுன அம்மா என்கிட்ட மட்டும் ஏன் பேசல? அப்படி என்னத்த மறைச்சீங்க?"

அடுத்து வால்பாறை. ஆழியாறிலிருந்து 40 வளைவுதான், கொல்லிமலையைப் பார்த்தவனுக்கு அது ஒன்றுமே இல்லை. குழுவின் பெயரையும் மாற்றியாயிற்று. வீடுகளில் கேள்வி வருவதற்கு முன்பே பேங்க்கை அனுப்பி அம்மாவிடம் தேதி கேட்கச் சொன்னோம். அம்மா வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டு கேட்டாராம்: "கூடப் பொறுப்பா யாருடா வர்றா? போன தடவை மாதிரி நான் ஒருத்தியே கெடந்து அல்லாட முடியாது."

அதனால் வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். வேனில் மூன்று இடம் காலியாக இருக்கிறது. 65 வயதுக்கு மேற்பட்ட, மலைப்பாதை ஒத்துக்கொள்ளும், எட்டுப் பேரை அதட்டக்கூடிய அம்மா யாராவது உங்கள் வீட்டில் இருந்தால் சொல்லி அனுப்புங்கள். எலுமிச்சம்பழம் நாங்களே வாங்கிக்கொள்கிறோம். பச்சையை இழுக்கத் தெரியாதவருக்கு முன்னுரிமை.